தலையீற்றுப் பசுவும் கன்றீனுங் காலமும்

மந்தை வளர்ப்போர் பசுவின் இனத்தைப் பற்றிப் பேசுவர். தீனைப் பற்றிப் பேசுவர். நோய்த் தடுப்பைப் பற்றியும் பேசுவர். அப்பசு ஆண்டின் எந்நாளிலே கன்றீன்றது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஆயினும், ஓர் இளம்பசு தன் வாழ்நாளில் எத்தனை கன்றுகளைத் தரும், அக்கன்றுகள் எவ்வளவு நிறை பெறும், அப்பசு எத்தனை ஆண்டு பட்டியில் நிலைக்கும் என்னும் மூன்று வினாக்களுக்கும் உரிய விடை, பெருமளவுக்கு, அது தன் தலைக்கன்றை ஈன்ற நாளிலே தங்கியுள்ளது. இவ்வுண்மையை ஐக்கிய அமெரிக்காவின் புல்வெளி நாட்டாருடைய நடைமுறையையும், அங்குள்ள ஆராய்ச்சி நிலையங்களின் பெறுபேறுகளையுங் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்துக் கல்லூரி மலரொன்றில் இறைச்சிக்காக வளர்க்கப்படும் மாட்டைப் பற்றி எழுதுவது பொருந்துமோ என்று சிலர் ஐயுறலாம். ஐயம் நியாயமானதே. ஆனால், பசுவின் உடலை ஆளும் விதி எந்நாட்டுக்கும் பொதுவானது. அவ்விதியை மிகத் தெளிவாகக் காணக்கூடிய இடம் அப்புல்வெளிகளே. மேலும், அங்கு குறித்த காலத்திற் சினைப்படாத பசு அவ்வாண்டின் இலையுதிர் காலத்திலேயே விற்கப்பட்டு, பெரும்பாலும் கொலைக்களத்தை அடைகின்றது. ஆகவே, இளம்பசுவைக் காலந் தவறாது ஈனச்செய்யும் அறிவு, உழவனுக்கு ஊதியத்தைத் தருவது மட்டுமன்றி, பசுவுக்கு ஆயுளைத் தருவதுமாகும். அந்நோக்கோடு இதனைப் படிக்கும்படி வேண்டுகின்றேன்.

புல்வெளி நாடு

நெபிராஸ்கா மாநிலத்தின் வட மேற்குப் பாகத்திலே மணற்குன்று நாடு என்னும் ஒரு பெரும் பரப்பு உண்டு. காற்றினாற் குவிந்த மணல் மேடுகளைப் புல் மூடிக் கட்டிவைத்திருக்கின்றது. இதன் பரப்பு ஏறத்தாழ 19,000 சதுர மைல். அதாவது நம் இலங்கைத் தீவின் நாலில் மூன்று பங்கு. ஏர் பூட்டினால் மணல் மீண்டும் காற்றிற் பறக்கும். ஆதலால் அந்நிலம் உழவுக்கு ஆகாது. புல்லை மாட்டைக்கொண்டு மேய்ப்பதே அங்குள்ள குடும்பங்களின் பிழைப்பு. வடக்கே தென் டக்கோட்டாவிலும், அதற்கு அப்பால் மொன்ரானாவிலும் இதே வாழ்வைக் காணலாம்.

அங்கே பனிக்காலம் நீண்டது; புல் தளிர்க்குங் காலம் குறுகியது. ஏப்பிரில் இறுதியிலும் மே மாதத்திலும் புல் தலைகாட்டும். மே, யூன் மாதங்களில் அதன் சத்து உச்சநிலையை அடையும். ஓகஸ்ட் மாதத்தில் அது முதிர்ந்து சத்துக் குன்றும். பனிக்காலத்தில் மாடுகள் உலர்புல்லையும், காய்ந்து நின்ற புல்லையும், சிறிது புரதத் தீனையும் உண்டு உயிர் வாழும். ஆகையால் பட்டியிலுள்ள பசுக்கள் யாவும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கன்றீனவும், கன்றுகள் யாவும் ஒக்டோபர் அளவில் ஒரே நாளிற் பால்மறக்கச் செய்யப்பட்டு விற்கப்படவும் ஒழுங்கு செய்யப்படுகின்றது. பொலிகாளைகள் ஆண்டு முழுவதும் பட்டியில் விடப்படுவதில்லை. குறித்த நாளில் விடப்பட்டு, ஏறத்தாழ 60 நாளில் அகற்றப்படும். இந்தக் குறுகிய வாயிலுக்குள் நுழைந்த பசு பிழைத்தது. நுழையாத பசு பட்டியை இழந்தது.

ஆண்டுக் கணக்கு

பசுவின் சூற்காலம் ஏறத்தாழ 283 நாள். ஆண்டுக்கு 365 நாள். ஆண்டுதோறும் அதே நாளிற் கன்றீன வேண்டுமாயின், ஈன்ற பின் 82 நாளுக்குள் பசு மீண்டும் சினைப்படுதல் வேண்டும். இது எவராலும் நீட்ட முடியாத கணக்கு. சூற்காலத்தைக் குறைக்கவும் இயலாது. ஆண்டை நீட்டவும் இயலாது.

இந்த 82 நாளிலே கருப்பை தன் பழைய அளவுக்குச் சுருங்கவேண்டும், சூலகம் உறக்கம் நீங்கி மீண்டும் சூலை வெளிவிடவேண்டும், வேட்கை தோன்றவேண்டும். பசுவின் வேட்கை 21 நாளுக்கு ஒருமுறை வருவது. ஆகையால் ஒரு வேட்கை தப்பினால் 21 நாள் இழந்ததாகும். கன்றீனும் பருவத்தை ஆராய்ச்சியாளர் 21 நாள் கொண்ட கூறுகளாகப் பிரிப்பதற்குக் காரணம் இதுவே. முதற்கூறில் ஈன்றவை முந்திய பசுக்கள். மூன்றாங் கூறில் ஈன்றவை பிந்திய பசுக்கள்.

நன்கு உண்ட முதிர்ந்த பசு, ஈன்று 50 அல்லது 60 நாளில் வேட்கைக்கு வந்துவிடும். அதற்கு 82 நாள் என்பது போதிய காலம். தலையீற்றுப் பசுவுக்கோ 80 முதல் 100 நாள் வரை செல்லும். எனவே, நன்றாகப் பேணப்பட்ட தலையீற்றுப் பசுவுங்கூட, ஆண்டுக் கணக்கிலே தொடக்கத்திலேயே கடன்பட்டு நிற்கின்றது.

தலையீற்றுப் பசுவின் இடர்

இவ்விடைவெளி ஏன் நீள்கின்றது? விடை பசுவின் உடலிலே உள்ளது. உண்ட தீனை உடல் ஓர் ஒழுங்குப்படியே பங்கிடுகின்றது. முதலிற் பசு தன் உயிரைப் பேணவேண்டும். அடுத்து, தான் வளரவேண்டும். பின்னர், கன்றுக்குப் பால் சுரக்கவேண்டும். எல்லாம் முடிந்து மிஞ்சினாற்றான் மறுசினைக்கு இடமுண்டு. முதிர்ந்த பசுவுக்கு வளர்ச்சிச் செலவு இல்லை. புல்வெளி நாட்டிலே நாகுகள் 14 அல்லது 15 மாதத்திற் காளையுடன் விடப்பட்டு, இரண்டு வயது நிரம்பும் வேளையிற் கன்றீனுகின்றன. அவ்வேளையில் அவை முழு வளர்ச்சி எய்தியிரா. ஆகவே தலையீற்றுப் பசு தானும் வளர்ந்து, கன்றையும் வளர்க்கின்றது.

அதனோடு மற்றோர் இடரும் சேர்கின்றது. இரண்டு வயது என்பது முன்வரிசைப் பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும் வயது. மிகுதியாக மேயவேண்டிய காலத்திலேயே அதன் வாய் முழு வலிமையோடு இருப்பதில்லை. முதிர்ந்த பசுக்களோடு ஒரே தொட்டியில் தீனுக்குப் போட்டியிட நேர்ந்தால், அது ஒதுக்கித் தள்ளப்படும்.

மூன்றாவது இடர், கன்று பாலருந்துவது. கன்று தாயை அணுகி முலையுண்ணும் போதெல்லாம், சூலகத்தைத் தூண்டுதற்குக் கபச்சுரப்பியிலிருந்து வரவேண்டிய ஓமோன் ஒடுங்குகின்றது. இது இயற்கையின் ஏற்பாடு. கைக்குழந்தை உள்ளபோது அடுத்ததை நினையாதே என்பது போன்றது. தீன் நிறைந்த பசுவில் இத்தடை விரைவில் தளரும். மெலிந்த பசுவில் நீடிக்கும்.

நாலாவது, ஈற்றிடர். தலையீற்றிலே இடுப்பெலும்பின் வாயில் குறுகியிருத்தலால், கன்று பெரிதாயின் ஈனுதல் கடினமாகும். கடினமாக ஈன்ற பசு மீண்டுஞ் சினைப்படுதல் பிந்தும்.

இரு நாகுகள்: ஒரு கணக்கு

மேற்கூறியவற்றை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குவோம். மாணவர் தாளும் எழுதுகோலுங் கொண்டு இக்கணக்கைத் தாமே செய்து பார்ப்பது நன்று.

பட்டியிலே யூன் 1ஆந் திகதி பொலிகாளைகள் விடப்பட்டு, 63 நாள் கழித்து ஓகஸ்ட் 3ஆந் திகதி அகற்றப்படுகின்றன எனக் கொள்வோம். முதல் நாளிலேயே சினைப்பட்ட பசு மறு ஆண்டு மார்ச் 11இற் கன்றீனும். முதல் நாகு அவ்வாறே மார்ச் 11இல் ஈன்றது. இரண்டாம் நாகு இரண்டு வேட்கை தப்பி, 42 நாள் பிந்தி, ஏப்பிரில் 22இல் ஈன்றது. இரண்டும் ஒரே இனம், ஒரே மேய்ச்சல், இரண்டுக்கும் ஈன்று 90 நாளில் வேட்கை மீளுகின்றது எனவும் வைத்துக்கொள்வோம்.

முதல் நாகுக்கு யூன் 9இல் வேட்கை தோன்றும். அதில் சினைப்படாவிடின் யூன் 30இலும், அதுவும் தப்பினால் யூலை 21இலும் வேட்கை வரும். ஆக, அதற்கு மூன்று வாய்ப்புக்கள் உண்டு. இரண்டாம் நாகுக்கு யூலை 21இற்றான் முதல் வேட்கை. அடுத்த வேட்கை ஓகஸ்ட் 11இல் வரும். அன்று பட்டியிற் காளை இல்லை. ஆக, அதற்கு ஒரே வாய்ப்புத்தான்.

ஒரு வேட்கையில் நூற்றுக்கு 60 பசு சினைப்படும் என்று வைத்துக் கணக்கிடுக. முதல் நாகைப் போன்ற 100 பசுக்களில் முதலாம் வாய்ப்பில் 60உம், எஞ்சிய 40இல் இரண்டாம் வாய்ப்பில் 24உம், எஞ்சிய 16இல் மூன்றாம் வாய்ப்பில் ஏறத்தாழ 10உம் சினைப்படும். மொத்தம் 94. இரண்டாம் நாகைப் போன்ற 100 பசுக்களிற் சினைப்படுபவை 60 மாத்திரமே. எஞ்சிய 40 பசுக்கள் வெறும் வயிற்றோடு இலையுதிர் காலத்தை அடைந்து விற்கப்படும். இவ்விரு கூட்டத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு உடல்நலமன்று; இனமன்று; 42 நாள் மாத்திரமே.

சினைப்பட்ட அந்த 60உம் தப்பிப் பிழைத்தனவா? யூலை 21இற் சினைப்பட்டவை மறு ஆண்டு ஏப்பிரில் 30இல் ஈனும். அதாவது முன்னைய ஆண்டினும் எட்டு நாள் பிந்தி. இவ்வாறு பிந்திய பசு மேலும் பிந்தி, ஒரு நாள் வாயிலுக்கு வெளியே நின்றுவிடும். முதல் நாகு யூன் 9இற் சினைப்பட்டால் மறு ஆண்டு மார்ச் 19இல் ஈனும். அதுவும் எட்டு நாள் பிந்தியதே. எனினும் முதற்கூறினுள்ளே நிற்கின்றது. மூன்றாம் ஈற்றிலே அது முதிர்ந்த பசுவாகி, 60 நாளில் வேட்கைக்கு வரும்போது, இழந்த நாளை மீட்டுக்கொள்ளும். முந்தியதற்கு ஈடுசெய்யக் காலம் உண்டு. பிந்தியதற்கு அது இல்லை.

இனிக் கன்றின் பக்கம் நோக்குவோம். தாயோடு நிற்குங் கன்று நல்ல மேய்ச்சலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 இறாத்தல் நிறை கூடும். ஒக்டோபர் 15இல் எல்லாக் கன்றுகளும் பால்மறக்கச் செய்யப்படுகின்றன. அன்று முதல் நாகின் கன்றுக்கு வயது 218 நாள். இரண்டாவதன் கன்றுக்கு 176 நாள். வேறுபாடு 42 நாள். எனவே 84 இறாத்தல், அல்லது 38 கிலோகிராம். இழப்பு ஓர் ஆண்டோடு முடிவதில்லை. பிந்திய பசு ஆண்டுதோறும் பிந்துமாயின், ஆண்டுதோறும் இவ்விழப்பு நேரும்.

ஆராய்ச்சி காட்டுவது

மேலே நாம் செய்தது தாளிற் செய்த கணக்கு. உண்மைப் பட்டிகளில் நிகழ்ந்தது யாது? மொன்ரானாவிலே மைல்ஸ் நகரத்தருகே கியோக் கோட்டை என்னும் இடம் உண்டு. 1876ஆம் ஆண்டிற் குதிரைப்படை முகாமாகத் தொடங்கிய அவ்விடம், 1924இல் கால்நடை ஆராய்ச்சி நிலையமாயிற்று. மொன்ரானாப் பட்டிகளின் பதிவேடுகளை ஆராய்ந்த லெஸ்மெயிஸ்ரர் முதலியோர் 1973ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டனர்: தலைக்கன்றை முந்தி ஈன்ற பசுக்கள் பின்னைய ஆண்டுகளிலும் முந்தி ஈனும் போக்குடையன, அவற்றின் வாழ்நாட் கன்று விளைவும் ஆண்டுச் சராசரியிற் கூடியதாகும்.

நாற்பது ஆண்டுகளின் பின், 2013இல், கஷ்மன் முதலியோர் இவ்வினாவை மிகப் பெரிய அளவில் ஆராய்ந்தனர். நெபிராஸ்காவில் கிளே சென்ரர் என்னும் ஊரருகே, இரண்டாம் உலகப் போரிலே கடற்படையின் வெடிமருந்துக் களஞ்சியமாயிருந்த நிலத்திலே, 1964இல் ஓர் இறைச்சி விலங்கு ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அங்குள்ள 16,549 நாகுகளின் பதிவும், தென் டக்கோட்டா உழவரின் 2,195 நாகுகளின் பதிவும் ஆராயப்பட்டன. தென் டக்கோட்டாவில் முதல் 21 நாளில் தலைக்கன்றை ஈன்றவை சராசரி 5.1 ஆண்டும், பின்னர் ஈன்றவை 3.9 ஆண்டும் நிலைத்தன. கிளே சென்ரரில் முதலாம், இரண்டாம், மூன்றாங் கூறுகளில் ஈன்றவை முறையே 8.2, 7.6, 7.2 ஆண்டு நிலைத்தன. அன்றியும், தலைக்கன்றை முந்தி ஈன்ற பசுக்களின் கன்றுகள் பால்மறக்கும் வேளையிற் பெற்ற நிறைமிகுதி ஆறாம் ஈற்று வரையுங் காணப்பட்டது. தலையீற்றிலே பெற்ற மூன்று வாரம், ஆறு ஆண்டுக்குப் பயன் தந்தது.

இவ்வெண்களை உழவனின் கணக்கேட்டோடு ஒப்பிடுக. ஒரு நாகை வளர்த்து ஈனச்செய்யும் செலவை மீட்பதற்கு மூன்று முதல் ஐந்து கன்றுகள் வரை வேண்டும் என்பது அந்நாட்டிற் பொதுவாகக் கொள்ளப்படும் மதிப்பீடு. 3.9 ஆண்டு நிலைத்த பசு செலவை மீட்டதோ இல்லையோ என்னும் எல்லையிலேயே பட்டியை விட்டு நீங்குகின்றது. எஞ்சிய ஓராண்டிலேதான் குடும்பத்தின் ஊதியம் இருக்கின்றது.

தாயின் நாள் மகளையும் தொடர்கின்றது. மணற்குன்று நாட்டிலுள்ள நெபிராஸ்காப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பண்ணையில், பன்ஸ்ரன் முதலியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, முதலாம், இரண்டாம், மூன்றாங் கூறுகளிற் பிறந்த நாகுகளில் முறையே நூற்றுக்கு 70, 58, 39 பங்கு, காளை விடுமுன்னரே பருவமெய்தியிருந்தன. அவற்றுட் சினைப்பட்டவை முறையே நூற்றுக்கு 90, 86, 78. முந்திப் பிறந்தது முந்திப் பருவமடைகின்றது. முந்திப் பருவமடைந்தது முந்திச் சினைப்படுகின்றது. முந்திச் சினைப்பட்டது முந்தி ஈனுகின்றது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். முந்தி ஈன்ற பசு நீண்டகாலம் நிலைப்பதற்கு முந்தி ஈன்றமை ஒன்றே காரணமென்று முடிவு கட்டலாகாது. இயல்பிலேயே சினைத்திறன் மிக்க பசு முந்தியும் ஈனும், நீண்டும் நிலைக்கும். எனினும், சினைத்திறனிற் பரம்பரையின் பங்கு சிறிது. பேணுதலின் பங்கு பெரிது. ஆகவே நாளை முந்துவிக்கும் முயற்சி வீணாவதில்லை.

எப்பருவம் ஏற்றது?

பட்டியினுள் முந்துதல் பிந்துதல் என்பது ஒன்று. பட்டி முழுவதும் எப்பருவத்தில் ஈனவேண்டும் என்பது மற்றொன்று. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் ஈனச்செய்தால், புல் தளிர்க்கும் வேளையிற் கன்று அதனை மேய்ந்து பயன்பெறத்தக்க வளர்ச்சியடைந்திருக்கும். ஒக்டோபரில் நிறையும் மிகும். ஆனால், பாலூட்டும் பசுவுக்குப் பனிக்காலத்தில் உலர்புல் மிகுதியாகக் கொடுக்கவேண்டும்; பனிப்புயலிற் கன்றுகள் விறைத்து இறத்தலும் உண்டு.

இதனாற் சிலர் கன்றீனலை மே மாதத்துக்குத் தள்ளிவைத்தனர். பசுவுக்குப் பால் சுரக்கும் வேளையில் புல் தானே வளர்ந்து நிற்பதால் உலர்புற் செலவு குறைந்தது. குளிராற் கன்றிறத்தலும் குறைந்தது. முதிர்ந்த பசுக்களுக்கு இவ்வேற்பாடு நன்றே. ஆனால் மே மாதத்தில் ஈன்ற பசுவுக்குக் காளை விடுவது யூலை இறுதியிலும் ஓகஸ்டிலும். புல் முதிர்ந்து புரதங் குன்றும் அவ்வேளையிலே, தலையீற்றுப் பசுவின் உடல் தேய்கின்றது. சினைப்படும் வீதமும் தாழ்கின்றது. முதிர்ந்த பசுவுக்கு ஊதியமான பருவம் இளம்பசுவுக்கு இழப்பாகலாம். ஆகவே பருவத்தை மாற்றும் உழவன், தன் பட்டியின் இளம்பசுக்களுக்கு அந்நாளிற் புரதத் தீன் கொடுக்க ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

செய்யத்தக்கவை

தலையீற்றுப் பசு பிந்துவதைத் தடுக்கும் வழிகள் ஈன்ற பின் தொடங்குவனவல்ல. அது நாகாயிருக்கும் போதே தொடங்குவன.

முதலாவது, நாகு காளைக்கு விடப்படுமுன் பருவமெய்தும்படி வளர்த்தல். முதிர்ந்த நிறையில் நூற்றுக்கு 60 முதல் 65 பங்கு நிறை வேண்டும் என்பது பழைய விதி. பிற்கால ஆய்வுகள், சில நிலைமைகளில் 55 பங்கு அளவிலும் செலவு குறைந்து நற்பயன் கிடைத்ததைக் காட்டியுள்ளன. தீனைக் குறைப்பவர் அந்த எல்லையை அறிந்து குறைக்கவேண்டும்.

இரண்டாவது, நாகுகளுக்கு முதிர்ந்த பசுக்களினும் மூன்று வாரம் முந்திக் காளை விடுதல். நம் எடுத்துக்காட்டில் மே 11இல் விட்டால், நாகு பெப்ரவரி 18 அளவில் ஈனும். மறு யூன் 1க்கு முன் அதற்கு 82 நாளுக்குப் பதிலாக 103 நாள் கிடைக்கும். பட்ட கடனை முற்பணங் கொடுத்துத் தீர்ப்பது போன்றது இது. குளிர் மிகுந்த நாளிற் கன்றைக் காக்கும் உழைப்பே அதற்குரிய விலை.

மூன்றாவது, சிறிய கன்றைத் தரும் காளையைத் தெரிதல். ஈற்றிடர் குறையும், சினை மீளுதல் விரையும்.

நாலாவது, ஈனும் வேளையில் உடலிற் போதிய சதை இருத்தல். பசுவின் கொழுமையை 1 முதல் 9 வரை புள்ளியிட்டு மதிப்பது அங்குள்ள வழக்கம். முதிர்ந்த பசுவுக்கு 5உம் தலையீற்றுப் பசுவுக்கு 6உம் வேண்டும். நெபிராஸ்காவின் றொபின்சன் கோட்டை ஆராய்ச்சி நிலையத்தில் வில்ற்பாங்கு முதலியோர் செய்து 1962இல் வெளியிட்ட சோதனை, ஈனுமுன்னும் ஈன்ற பின்னும் குறைந்த தீன் பெற்ற பசுக்களிற் பெரும்பாலானவை மீண்டுஞ் சினைப்படவில்லை என்பதை நிறுவிற்று. ஈன்ற பின் சதையை மீட்பது, பால் சுரக்கும் பசுவுக்கு மிகக் கடினம். ஈனுமுன் சேர்ப்பது எளிது.

ஐந்தாவது, இரண்டு வயதுப் பசுக்களைத் தனிப் பட்டியாக வைத்துத் தீனிடுதல். போட்டி நீங்கும், உழவனின் கண்ணும் அவற்றின்மீது படும்.

ஆறாவது, கன்றைத் தாயினின்று 48 மணி நேரம் பிரித்துவைத்தல், புரொஜெஸ்தரோன் ஓமோனைக் கொண்ட சிறு கருவியை ஏழு நாள் வைத்து எடுத்தல் முதலிய முறைகளாற் சூலகத்தை எழுப்புதல். இவை போதிய உடல்நிலையுள்ள பசுவுக்குத் துணைசெய்யும். பட்டினி கிடந்த பசுவுக்கு எந்த மருந்தும் தீனாகாது.

நம் பசுக்களுக்கு

நம் நாட்டிலே பசு வளர்ப்போரிற் பலர் பாலுக்காகவே வளர்க்கின்றனர். பொலிகாளையை 60 நாளில் அகற்றும் வழக்கம் வன்னிப் பட்டிகளில் இல்லை. வீட்டுப் பசுவுக்கும் வேட்கை கண்ட போதே சினைப்படுத்தல் நிகழ்கின்றது. ஆகவே பிந்திய பசு பட்டியை விட்டு நீக்கப்படுவதில்லை. ஆனால் இழப்பு இல்லையென்று எண்ணலாகாது. அது மறைந்து நிற்கின்றது. அமெரிக்க உழவனுக்கு வெறும் வயிறாகத் தோன்றும் இழப்பு, நமக்கு ஈற்றுக்கும் ஈற்றுக்கும் இடையே நீளும் மாதங்களாகத் தோன்றுகின்றது. பால் வற்றிய பசு சினையின்றி நிற்கும் ஒவ்வொரு மாதமும் வீட்டுக்காரரின் வைக்கோலையும் புண்ணாக்கையும் உண்டு நிற்கும் மாதமே.

வடக்கிலும் கிழக்கிலும் ஒக்டோபர் முதல் சனவரி வரை வாடைமழை பொழிகின்றது. அதனை அடுத்தே புல் பசுமையாக நிற்கும். மே முதல் செப்ரெம்பர் வரை நிலம் வரண்டு கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் ஈன்ற தலையீற்றுப் பசு, தன் இடர்மிக்க மூன்று மாதத்தையும் பச்சைப் புல்லோடு கழிக்கும். வைகாசியில் ஈன்றது அம்மூன்று மாதத்தையும் வைக்கோலோடும் பனையோலையோடும் கழிக்கும். முன்னது விரைவிற் சினைப்படுவதும் பின்னது மெலிந்து நிற்பதும் வியப்பன்று. ஈனும் நாளைத் தெரிய இயலுமாயின் மழையை நோக்கித் தெரிக. இயலாதாயின், கோடையில் ஈனவிருக்கும் நாகுக்கு ஈனுமுன் இரண்டு மாதந் தொட்டுக் குழையும் புண்ணாக்குந் தவிடும் கூட்டிக் கொடுக்க. எல்லாவற்றுக்கும் முன்னதாக, ஒரு சிறு கொப்பி வாங்கி, ஈன்ற நாள், வேட்கை கண்ட நாள், சினைப்படுத்திய நாள் என்னும் மூன்றையும் எழுதிவைக்க. எழுதாத நாளைத் திருத்த எவராலும் இயலாது.

முடிவுரை

காலந் தவறிய பசுவை மலட்டுப் பசு என்று தூற்றுவது உலக வழக்கு. நாம் ஆராய்ந்த கணக்கு வேறொன்றைக் கூறுகின்றது. இரண்டாம் நாகு மலடன்று. 42 நாள் பிந்தியது மாத்திரமே. அந்த 42 நாளும் பெரும்பாலும் பசு செய்த பிழையால் வருவன அல்ல. வளரும் வயதிலே போதிய தீன் கிடையாமையும், பெருங்கன்று தரும் காளையை விட்டமையும், முதிர்ந்த பசுக்களோடு மோதவிட்டமையும், நாளைக் குறித்துவையாமையும் அதற்குரிய காரணங்கள். இவை யாவும் வளர்ப்போன் கையிலுள்ளவை.

இளமையில் ஒருமுறை பின்தங்கியது பின்னர் முந்துவது அரிதென்பதும், பின்தங்கியதற்கான காரணம் பெரும்பாலும் அதனைப் பேணவேண்டியவரிடத்தே உள்ளதென்பதும், பசுவுக்கு மட்டும் உரிய உண்மையன்று என்பதை, பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரும் ஆசிரியரும் நன்கறிவர். விவசாயம் பயிலும் நம் மாணவரும், ஊர்களிலே பசு பேணும் நம் பழைய மாணவரும், தத்தம் தொழுவத்திலுள்ள நாகின் வயதையும் நிறையையும் இன்றே குறித்து, அது ஈனவேண்டிய மாதத்தை எண்ணிப் பார்ப்பாராயின், இக்கட்டுரை தன் பயனை எய்தியதாகும்.